ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச நேரத்தில் ஆஃப் ஆகும்: பாலக்கோட்டு ஜெனரேட்டர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சித்திரையில் எங்கள் பக்கம் பாரதம் நடக்காத ஊரைத் தேடத்தான் வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியானால் கூத்து, கடைசியில் துரியோதனன் விழும் படுகளம், தீமிதி. விடிய விடியக் கூத்தென்றால் விடிய விடிய லைட்டும் மைக்கும் வேண்டும். ஈ.பி. லைன் இழுத்திருந்தாலும் கோடைக் காற்று ஒரு சுழற்றுச் சுழற்றினால் கரண்ட் போய்விடும். அதற்காக மைக்செட்காரர்கள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரை நிறுத்தி வைப்பார்கள்.

அப்படி ஒரு ஜெனரேட்டர் ஒரே திருவிழாவில் மூன்று விதமாக நின்றது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. முதல் கோளாறை இன்னொரு மெக்கானிக் சரியாகவே பிடித்தார். இரண்டாவதை அவர் விட்டுவிட்டார், நான் பிடித்தேன். மூன்றாவதை நான் கோட்டைவிட்டேன். நான் கோட்டைவிட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன். அதை மறைத்தால் இது என் பட்டறைக்கு விளம்பரமாகிவிடும்.

மெஷின் வந்த நிலை

2.2 கே.வி.ஏ. மெஷின். ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், 196 சி.சி., கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. மேலே டேங்க், கீழே பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டர். நடுவில் பம்ப் கிம்ப் எதுவும் கிடையாது. பெட்ரோல் தன் எடையில் தானாக இறங்க வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. போன கார்த்திகையில் ஒரு கல்யாணத்துக்கு ஓடியது, அதன் பிறகு சித்திரை வரை குடோன் மூலையில் கிடந்தது.

மைக்செட் தம்பி குட்டியானையில் அதை ஏற்றிக்கொண்டு வந்தபோது பாரதம் தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஒரு வாரமாகத் தூங்கவில்லை. இறக்கும்போதே சொன்னான்: "ஸ்டார்ட் ஆவுதுண்ணா. ஒரே இழுப்பு. ஆனா கால் மணிதான். அப்புறம் ஆஃப் ஆயிடுது. பத்து நிமிசம் கழிச்சு இழுத்தா மறுபடியும் ஓடுது, மறுபடியும் ஆஃபு. காயிலு சூடாவுதுன்னு சொல்லி மாத்திட்டாங்க, அப்பவும் அதே கதைதான்."

அவன் சொன்ன வரலாறு இது. மூன்றாம் ராத்திரி காற்றில் கரண்ட் போனதும் ஜெனரேட்டரை இழுத்தான். சோக் போட்டால் பிடிக்கும், சோக்கை எடுத்தால் ரெண்டு மூணு செகண்டில் அணைந்துவிடும். மறுநாள் ஒரு மெக்கானிக் வந்து கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அப்புறம் சோக் இல்லாமல் ஓடியது. ஆனால் ஆறாம் ராத்திரி கால் மணிக்கு ஒருமுறை நிற்க ஆரம்பித்தது. பிளக் மாற்றினார்கள். நிற்பது நிற்கவில்லை. பிளக்குக்கு நெருப்புப்பொறி தரும் காயிலை மாற்றினார்கள், 950 ரூபாய். பிறகு கார்ப்பரேட்டரையே புதுசாக மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தபோதுதான் என்னிடம் கொண்டுவந்தான்.

அந்த முதல் மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சோக் போட்டால் ஓடி, எடுத்தால் அணைவது என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட் அடைப்புதான். சோக் என்பது காற்று வரும் வாயை மூடுவது. காற்றைக் குறைத்தால் ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஐந்து மாசம் கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் போய், அடியில் பிசின் மாதிரி ஒன்றை விட்டுச் செல்லும். ஜெட்டில் உள்ள ஓட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை மூட எவ்வளவு பிசின் வேண்டும்? அவர் கழுவியது சரி. குண்டூசி போட்டுக் குத்தியதுதான் சரியில்லை, அதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்த இடத்தில் எல்லாரும் இ20 பெட்ரோலைத் திட்டுவார்கள். பாதி நியாயம்தான். 2023-ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது, இப்போது பங்கில் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். கிண்ணத்தில் வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி படிவதை இப்போது அதிகம் பார்க்கிறேன். எரிவதற்கு எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடக் காற்று குறைவாகப் போதும் என்பதால், அளவு மாறாத ஜெட் உள்ள பழைய கார்ப்பரேட்டரில் கலவை கொஞ்சம் வறண்டுதான் போகும். ஆனால் எத்தனால் என்ற பேரே கேள்விப்படாத காலத்திலும் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரை மழைக்காலம் முழுக்க அப்படியே போட்டுவிட்டு, தை மாசம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்போதும் இதே பிசின்தான். பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்தியிருந்தால் மூன்றாம் ராத்திரி கோளாறே வந்திருக்காது.

ஸ்பேனர் எடுப்பதற்கு முன்

காயில் மாற்றியும் சரியாகவில்லை என்று வருகிற மெஷினில் நான் முதலில் கை வைப்பதில்லை, ஆளைத்தான் கேட்பேன். ஸ்டார்ட் ஆகிறதா என்பதைவிட எப்படி நின்றது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு இன்ஜின் சாகிற விதம் பெரும்பாலும் ரெண்டுதான். பெட்ரோல் தீர்ந்து சாகிறது இழுத்துக்கொண்டு கிடப்பது மாதிரி: ஏறும், இறங்கும், மூச்சு வாங்கும், லைட் மங்கிப் பிரகாசமாகும், கடைசியில் அடங்கும். நெருப்பு போய் சாகிறது மாரடைப்பு மாதிரி: ஓடிக்கொண்டே இருக்கும்போது யாரோ சுவிட்சை அமுக்கியது போல டக்கென்று.

"எப்படித் தம்பி ஆஃப் ஆவுது? இழுத்து இழுத்தா, டக்குனா?"

"இழுத்து இழுத்துதாண்ணா. லைட்டு வேற மினுக் மினுக்குனு... கூத்தாடறவங்க கத்தறாங்க."

"அந்த நேரம் சோக் போட்டுப் பாத்தியா?"

"போட்டா கொஞ்ச நேரம் தம் புடிக்கும். அப்புறம் அதுவும் இல்ல."

இந்த ரெண்டு பதிலிலேயே காயில் விடுதலையாகிவிட்டது. சூடானால் சுருண்டுகொள்ளும் காயிலும் இதே போல் கால் மணியில் நிற்கும், ஆறினால் ஓடும். அந்த ஒற்றுமைதான் முன்னால் பார்த்தவரை ஏமாற்றியது. ஆனால் காயில் போனால் இன்ஜின் மூச்சு வாங்காது, சோக்குக்கு மசியவும் மசியாது.

அடுத்து அவனாகவே ரெண்டு விஷயம் சொன்னான். ரெண்டும் அவனுக்கே நம்பிக்கையில்லாத விஷயம், சொன்னால் சிரிப்பேனோ என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். ஒன்று: டேங்கை ஃபுல் செய்தால் சீக்கிரம் நிற்கிறது. பாதி டேங்கில் கால் மணி ஓடுவது, ஃபுல் டேங்கில் ஆறேழு நிமிஷம்தான். "பெட்ரோல் ஜாஸ்தி ஊத்துனா கம்மியா ஓடுதுண்ணா, எந்த ஊரு நியாயம் இது?" இன்னொன்று: பகலில் வெயிலில் நிற்கும்போது கார்ப்பரேட்டர் ஓரமாகப் பெட்ரோல் கசிந்து சொட்டுகிறது. ராத்திரியில் ஒரு சொட்டுக் கிடையாது.

இந்த ரெண்டையும் கேட்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் அப்போது புரியவில்லை. கசிவு என்றதும், கிண்ணம் நிறைந்தால் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் நீடில் தேய்ந்திருக்கும் என்று என் புத்தியும் அந்தப் பழைய தடத்திலேயே போனது.

பட்டறையில் நடந்தது

முதலில் பிளக்கைக் கழற்றினேன். புது பிளக், ஆனால் கரி அப்பிக் கறுப்பாக இருந்தது. இது குழப்பம். பெட்ரோல் போதாமல் நிற்கிற மெஷினில் பிளக் வெளுத்துக் கிடக்க வேண்டும், கறுத்திருக்கக் கூடாது. கார்ப்பரேட்டரைத் திறந்து மெயின் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓட்டையின் விளிம்பு வட்டமாக இல்லை. ஒரு பக்கம் கீறி முட்டை மாதிரி ஆகியிருந்தது. குண்டூசியின் வேலை. ஜெட் பித்தளை, ஊசி எஃகு. எது தேயும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓட்டை பெரிதானதால் ஓடுகிற நேரத்தில் பெட்ரோலை அதிகமாகக் குடித்துக் கரி கக்கியிருக்கிறது. அடைப்பை எடுக்க செப்புக் கம்பி இழை ஒன்றை உருவிக்கொள்ளலாம், இல்லை கிளீனர் ஸ்பிரே அடித்துக் காற்று பிடிக்கலாம். ஊசி ஆகாது. ஜெட்டை மாற்றினேன், 120 ரூபாய்.

ஃப்ளோட் நீடிலையும் பார்த்தேன். ரப்பர் நுனி நன்றாகத்தான் இருந்தது. குழாயில் வாய் வைத்து ஊதி, ஃப்ளோட்டை விரலால் தூக்கினால் காற்று சுத்தமாக நிற்கிறது. அப்படியானால் வெயிலில் எப்படிக் கசிகிறது? அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். வால்வு கேப்பும், அதாவது இடைவெளியும், சரிபார்த்தேன்: இன்லெட் 0.15, எக்சாஸ்ட் 0.20 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் பதமாக நுழைந்தது. சூட்டில் வால்வு இறுகி அமுக்கம் போய் நிற்பதும் உண்டு. அந்தச் சந்தேகமும் தீர்ந்தது. ஏர் ஃபில்டர் பஞ்சு தூசியாக இருந்தது, அலசிப் போட்டேன்.

என் பட்டறையில் லோடு பார்க்க ஒரு பலகை இருக்கிறது. எட்டு 100 வாட் குண்டு பல்பு, தனித்தனி சுவிட்ச். எல்.இ.டி.யில் மெஷின் தடுமாறுவது சட்டென்று தெரியாது; குண்டு பல்பு மூச்சு விடுவதுபோல் காட்டிக்கொடுக்கும். கூத்துக் கொட்டகையிலும் ஆறு எல்.இ.டி. ஃபோகஸ், ஒரு ஆம்ப்ளிஃபயர் சேர்த்து 800 வாட்டுக்குப் பக்கம்தான் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். 2.2 கே.வி.ஏ. மெஷினுக்கு அது ஒரு பாரமே இல்லை. ஓவர் லோடு என்றால் பிரேக்கர் விழும். இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

பாதி டேங்க் பெட்ரோல், எட்டு பல்பும் எரிய ஓடவிட்டேன். 3000 ஆர்.பி.எம்., மீட்டரில் 50 ஹெர்ட்ஸ், ஊசி அசையவில்லை. பதினான்காவது நிமிஷம் பல்பு ஒருமுறை மூச்சு வாங்கியது. வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் கம்பி முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் பெரிதாகி மெஷின் அடங்கியது. தம்பி என் முகத்தைப் பார்த்தான்.

அதற்கப்புறம் செய்ததைத்தான் மற்ற மெக்கானிக்குகளுக்குச் சொல்ல விரும்புகிறேன், பைசா செலவில்லாத சோதனை. பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி ஓடவிட்டேன். ரெண்டு நிமிஷம் சீராக ஓடியதும் பெட்ரோல் டேப்பை நானே மூடினேன். கிண்ணத்தில் இருக்கிற 50 மில்லியை வைத்து நாலு நிமிஷம் சொச்சம் ஓடி நின்றது. அதே ஆட்டம், அதே மூச்சு வாங்கல், அதே அடக்கம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது அதுவாக நின்றது, எது நான் நிறுத்தியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தெரிந்த கோளாறை நாமே உண்டாக்கி, தெரியாத கோளாறோடு காதால் ஒப்பிட்டுப் பார்ப்பது. ஆக, டேங்குக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் யாரோ டேப்பை மூடுகிறார்கள்.

டேப்பின் அடியில் உள்ள வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றினேன், சுத்தம். டேங்குக்குள் வலை சுத்தம். டியூபில் மடிப்பு இல்லை. மெஷினை வெளியே வேப்பமரத்தடிக்குத் தள்ளி, நன்றாக ஆறவிட்டு, பீடி பிடிக்கிறவர்களை எல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, டியூபைக் கார்ப்பரேட்டரிலிருந்து உருவி ஒரு கால் லிட்டர் பாட்டிலில் விட்டு டேப்பைத் திறந்தேன். சுண்டுவிரல் தடிமனுக்குக் கொட்டியது. பாட்டில் பாதி நிறைவதற்குள் பேனா ரீஃபில் அளவுக்கு இளைத்தது. அப்புறம் நூல். அப்புறம் சொட்டு. அப்புறம் ஒன்றுமில்லை. டேங்கில் பெட்ரோல் ஆறேழு லிட்டர் கிடக்கிறது, கீழே சொட்டு வரவில்லை.

மேலே கை வைத்து டேங்க் மூடியை ஒரு சுற்றுத் திருகினேன். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தது. பாட்டிலில் மறுபடி சுண்டுவிரல் தடிமன்.

எழுபது ரூபாய் மூடி

ஐந்து வருஷ வெயிலில் வெளுத்துப்போன மெஷினில் அந்த மூடி மட்டும் கன்னங்கரேலென்று பளபளத்தது. ஒரு மணி நேரமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

"மூடி எப்ப மாத்துனே?"

"அதாண்ணா, கார்த்திகை கல்யாணத்துல பையன் பெட்ரோல் ஊத்தறப்ப பழசைத் தொலைச்சுட்டான். தர்மபுரியில ஒரு கடையில எழுவது ரூவாய்க்கு வாங்குனேன். நல்லா டைட்டா உக்காந்துச்சு."

டைட்டாகத்தான் உட்கார்ந்தது. டேங்க் மூடிக்கு ரெண்டு வேலை. பெட்ரோல் வெளியே வராமல் அடைப்பது ஒன்று. வெளிக்காற்று உள்ளே போக வழிவிடுவது இன்னொன்று. அசல் மூடிக்குள் சுற்றிச் சுற்றிப் போகும் ஒரு சின்னக் காற்றுப் பாதை இருக்கும். இந்த மூடியில் மேலே ஓட்டை இருந்தது, உள்ளே இருந்த ரப்பர் வாஷர் அதன்மேல் சரியாக உட்கார்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. துடைத்துக் காயவைத்து ஊதிப் பார்த்தேன். கன்னம் வலித்ததுதான் மிச்சம்.

வீட்டில் எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் குளுக் குளுக்கென்று திணறுமே, அதேதான் இங்கேயும். பெட்ரோல் இறங்க இறங்க மேலே உள்ள காற்று விரிந்து அழுத்தம் குறைகிறது. எவ்வளவு குறைந்தால் பெட்ரோல் நிற்கும்? பெட்ரோல் மட்டத்துக்கும் கார்ப்பரேட்டருக்கும் உயரம் ஒரு சாண், 20 சென்டிமீட்டர் என்று வையுங்கள். அந்த உயரம் தரும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஒன்றரை சதவீதம்தான். உள்ளே அந்த ஒன்றரை சதவீதம் குறைந்தால் போதும், பெட்ரோல் இறங்காது. பாதி டேங்கில் மேலே 7 லிட்டர் காற்று இருக்கும். 100 மில்லி பெட்ரோல் இறங்கினால் அந்த அளவு குறைந்துவிடும். ஃபுல் டேங்கில் மேலே ஒரு லிட்டர் காற்றுதான் என்றால் 15 மில்லியே போதும்.

இப்போது தம்பியின் "எந்த ஊரு நியாயம்" கணக்குக்கு வருவோம். 800 வாட் லோடில் இந்த மெஷின் மணிக்கு முக்கால் லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு 12 மில்லி குடிக்கும். ஃபுல் டேங்கில் 15 மில்லிக்கு ஒரு நிமிஷம் சொச்சம், அதோடு கிண்ணத்தில் உள்ளதற்கு நாலு நிமிஷம்: ஐந்தரை. பாதி டேங்கில் 100 மில்லிக்கு எட்டு நிமிஷம், கிண்ணத்துக்கு நாலு: பன்னிரண்டு. வாஷர் ஓரத்தில் கொஞ்சம் கசிவு சேர்த்தால் அவன் சொன்ன ஆறேழும் கால் மணியும் வந்து நிற்கிறது. பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஓடியதும் அந்தக் கசிவால்தான்; காற்று மெல்ல உள்ளே நுழைந்து சமப்பட்டுவிடுகிறது.

பகல் கசிவுக்கும் இதே மூடிதான் காரணம். வெயிலில் டேங்க் காய்ந்தால் பெட்ரோல் ஆவி உள்ளே அழுத்தும். வெளியேற வழியில்லாத அழுத்தம் பெட்ரோலை நீடிலையும் மீறிக் கீழே தள்ளிச் சொட்டவைக்கிறது. ராத்திரி குளிர்ந்தால் அந்த ஆவி அடங்கி உள்ளே இன்னும் வெறுமையாகிறது. பகலில் யார் ஓட்டிப் பார்த்தாலும் ஓரளவு ஓடும். கூத்து நடக்கும் நேரத்தில் நிற்கும். கருப்பு வேலை, பில்லி சூனியம் என்று ஊரில் ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார். பாவம், அவர் சொன்ன நேரக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மூடியைத் தளர்த்தி வைத்து எட்டு பல்போடு ஒன்றே கால் மணி நேரம் ஓட்டினேன். அசையவில்லை. அசல் மூடி தர்மபுரியிலிருந்து வரவழைத்துப் போட்டு, மறுபடி ஃபுல் டேங்கில் முக்கால் மணி ஓட்டிப் பார்த்துப் பத்தாம் நாள் சாயங்காலம் அனுப்பினேன்.

பதினோராம் ராத்திரி

ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஃபோன். பின்னால் மிருதங்கம் கேட்கிறது, மைக் சத்தம் கேட்கவில்லை. "அண்ணா, மறுபடியும் ஆஃப் ஆயிடுச்சு." எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு நொடி, காயில்தான் போலிருக்கிறது, அந்த மெக்கானிக் சொன்னதே சரியோ என்றுகூட நினைத்தேன்.

"எப்படி ஆஃப் ஆச்சு? இழுத்து இழுத்தா?"

"இல்லண்ணா. டக்குனு. சுவிட்ச் ஆஃப் பண்ண மாதிரி. இப்ப இழுத்தா புடிக்கவே மாட்டேங்குது. சோக்குக்கும் இல்ல."

பழைய கோளாறு திரும்பி வரவில்லை, இது வேறு ஆள். மூடியைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. நெருப்பு போயிருக்கிறது. புதுக் காயில், புதுப் பிளக். மிச்சம் இருப்பது மூன்று: சுவிட்ச், வயர், ஆயில் சென்சார். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒன்பதாம் நாள் வந்த மெஷினில் வால்வு கேப் வரைக்கும் அளந்தவன், ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கவில்லை.

"மெஷின் எங்க நிக்குது? சமமாவா?"

"வரப்பு ஓரமாண்ணா. கொட்டகைக்குள்ள சத்தம் ஜாஸ்தின்னு தள்ளி வச்சோம். ஒரு பக்கம் கல்லு குடுத்திருக்கோம்."

இந்த இன்ஜினில் ஆயில் 0.6 லிட்டர் இருக்க வேண்டும். ஆயில் பம்ப் இல்லாத இன்ஜின் இது. அடியில் கிடக்கிற ஆயிலைத் தெளித்துத்தான் எல்லாம் நனைகிறது. ஆயில் குறைந்தால் உள்ளே இருக்கும் மிதவை கீழே இறங்கி, காயிலின் கம்பியை பாடியோடு எர்த் ஆக்கிவிடும். நெருப்பு உடனே கட். இன்ஜின் ஜாமாகி நாசமாவதற்குப் பதில் ஆஃப் ஆகிவிடட்டும் என்று வைத்த காவல். ஆயில் குறைவாக இருக்கும் மெஷின் சமதரையில் தப்பித்துக்கொள்ளும். சரிவில் வைத்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி மிதவை விழுந்துவிடும். என் பட்டறைத் தரை சிமெண்ட், கண்ணாடி மாதிரி சமம். அங்கே ரெண்டு மணி நேரம் ஓடியது வரப்பில் ஓடாமல் போனது இதனால்தான்.

செல்ஃபோன் டார்ச்சில் குச்சியை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். நுனி மட்டும் நனைந்திருந்தது, தார் நிறம். குட்டியானை டிரைவரிடம் 20டபிள்யூ-40 ஆயில் அரை டப்பா இருந்தது. மெஷினைக் களத்துமேட்டுக்குத் தூக்கிச் சமமாக வைத்து, குச்சியின் மேல் கோடு வரை ஊற்றச் சொன்னேன். கால் லிட்டர் குடித்தது. ரெண்டாவது இழுப்பில் பிடித்தது, ஃபோனிலேயே கேட்டேன்.

இருட்டில் இருந்த அந்த இருபது நிமிஷமும் கூத்து நிற்கவில்லையாம். ஹார்மோனியமும் மிருதங்கமும் ஓடிக்கொண்டே இருக்க, கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் முன்னால் வந்து, "கரண்டையும் சகுனி சூதாட்டத்துல கெலிச்சுட்டான் சாமி" என்றானாம். சனம் சிரித்து உருண்டிருக்கிறது. மைக் வருவதற்கு முன்னால் நாலு ஊருக்குக் கேட்கிற குரலில் பாடின கலை அது, இருபது நிமிஷம் ஒரு பொருட்டா என்ன.

காலையில் நானே பைக்கில் போய்ப் பழைய ஆயிலை முழுக்க வடித்துப் புதுசு மாற்றினேன். சென்சார் கம்பியைக் கழற்றி, மாட்டி, ரெண்டு விதமாகவும் நெருப்பு பார்த்தேன். சென்சார் ஒழுங்காக இருந்தது. நிறையப் பட்டறைகளில் இந்தக் கம்பியைப் பிடுங்கிவிட்டு "சரியாப் போச்சு" என்று அனுப்பிவிடுவார்கள். சோதனைக்கு ஒரு நிமிஷம் கழற்றுவது வேறு, கழற்றியபடியே கொடுப்பது வேறு. பிடுங்கிவிட்ட மெஷின் அடுத்த முறை வரும்போது கனெக்டிங் ராடு உடைந்து, பிளாக்கில் ஓட்டையோடு வரும்.

போன இடத்தில் இன்னொன்றும் பார்த்தேன். முந்தின ராத்திரிகளில் மெஷின் இருந்த இடம் வேஷம் கட்டுகிற ஓலைத் தடுப்புக்கு நாலு அடி பின்னால். புகைக்குழாய் தடுப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தது. உள்ளே முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு ஏழெட்டுப் பேர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், ஆளை முடித்துவிடும். ரெண்டு மூணு பேர் தலைவலி என்று சொன்னதைத் தூக்கம் கெட்ட தலைவலி என்று விட்டுவிட்டார்கள். களத்துமேட்டிலேயே இருக்கட்டும், முப்பது அடி கூடுதல் வயர் என் கணக்கில் எழுதிக்கொள் என்று இழுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மற்ற எல்லாக் கோளாறையும்விட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கடைசி வரை மெஷின் ஓடியது. படுகளம் முடிந்த மறுநாள் கணக்குப் பார்க்க வந்தான். ஜெட் 120, அசல் மூடி 240, கூலி 500. ஆயிலுக்கும் காலையில் போய்வந்த பெட்ரோலுக்கும் காசு எழுதவில்லை. குச்சியைப் பார்க்காதது என் தப்பு. தேவையில்லாத காயிலுக்கு 950 கொடுத்துவிட்டு வாய் திறக்காத தம்பி, சீட்டை மேலிருந்து கீழ் ரெண்டு தடவை படித்தான்.

"ஒரு மூடிக்கு எரநூத்தி நாப்பதாண்ணா? எழுவது ரூவாய்க்குக் கெடைக்குதே."